600 யூனிட்டுக்குக் கீழே: வீட்டுக் கரண்டுக்கு ஒரு கணக்கு

கரண்டு பில்லின் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கட்டுகிறவர்கள், இந்த மாதம் நடுவில் இருக்கும் வரிகளையும் கொஞ்சம் படித்துப் பாருங்கள். 2025 ஜூலை 1 முதல் தீபகற்ப மலேசியாவில் வீட்டுக் கட்டணம் போடும் முறையே மாறிவிட்டது. முதல் 200 யூனிட்டுக்கு ஒரு விலை, அடுத்த 100-க்கு ஒரு விலை என்று ஏறிக்கொண்டே போன பழைய கணக்கு இப்போது இல்லை. மாதம் 1,500 யூனிட் வரை எல்லா யூனிட்டுக்கும் ஒரே விலைதான். மின்சாரத்துக்கு 27.03 சென், உற்பத்தித் திறனுக்கு 4.55 சென், கம்பி வலைப்பின்னலுக்கு 12.85 சென், ஆக மொத்தம் 44.43 சென். இதிலிருந்து சிக்கனமாகப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு கழிவு உண்டு. 200 யூனிட்டுக்குள் நின்றால் யூனிட்டுக்கு 25 சென் கழிவு. பயன்பாடு கூடக் கூட அது தேய்ந்துகொண்டே வந்து, 1,000 யூனிட்டைத் தாண்டினால் காணாமலே போய்விடும்.

பலர் கவனிக்காத இடம் ஒன்று இருக்கிறது. மாத மொத்தம் எந்தப் படியில் விழுகிறதோ, அந்தப் படிக்குரிய கழிவுதான் முதல் யூனிட்டிலிருந்து கடைசி யூனிட் வரைக்கும். 600 யூனிட்டில் கழிவு 9 சென். வரியும் பிற சேர்ப்புகளும் இல்லாமல் பில் 212 வெள்ளி 58 சென். 601 ஆனால் கழிவு 7.5 சென்னாகக் குறைகிறது, அதோடு 10 வெள்ளி சில்லறைக் கட்டணமும் (ரீடெய்ல் சார்ஜ்) வந்து சேர்கிறது. பில் 231 வெள்ளி 95 சென். ஒரே ஒரு யூனிட்டுக்கு 19 வெள்ளி! 600-க்கு மேலே போனால் 8 விழுக்காடு சேவை வரியும், மாதாமாதம் மாறும் எரிபொருள் விலைச் சரிக்கட்டும் கூடவே வரும். இதே போல் 350-இலும் ஒரு பள்ளம் உண்டு. அங்கே கழிவு 21 சென்னிலிருந்து ஒரேயடியாக 17-க்கு இறங்குவதால், 351-ஆவது யூனிட் 14 வெள்ளிக்கு மேல் பிடித்துக்கொள்ளும்.

அதனால் 'எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம்' என்று கேட்டால் பதில் வீட்டுக்கு வீடு மாறும். 610 யூனிட் போகிற வீடு 30 யூனிட் குறைத்தால் கிட்டத்தட்ட 30 வெள்ளி குறையும். 580 யூனிட் போகிற வீடு 25 யூனிட் குறைத்தால் 9 வெள்ளிகூடக் குறையாது. உங்கள் வீடு எந்தப் படியின் ஓரத்தில் நிற்கிறது என்று கடந்த ஆறு மாத பில்லை வைத்துப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

மீட்டர் விளக்கு சொல்லும் கணக்கு

தரை வீடாக இருந்தால் மீட்டர் வாசலிலேயே இருக்கும். அதில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருப்பார்கள். 1000 என்றிருந்தால் கணக்கு சுலபம். இரண்டு சிமிட்டலுக்கு நடுவே 36 விநாடி ஆனால் வீடு 100 வாட் இழுக்கிறது. 9 விநாடி என்றால் 400 வாட். 3.6 விநாடி என்றால் ஒரு கிலோவாட். அச்சிட்ட எண் வேறாக இருந்தால், 3600-ஐ அந்த எண்ணாலும் விநாடியாலும் வகுத்தால் கிலோவாட் வந்துவிடும்.

இரவு படுக்கும் முன் ஏர்கோன், சுடுநீர், விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு கால்மணி நேரம் எண்ணிப் பாருங்கள். ஐஸ்பெட்டியின் கம்ப்ரசர் ஓடுவதும் நிற்பதுமாக இருக்கும், ஆகவே ஓரிரு சிமிட்டலை வைத்து முடிவுக்கு வரக்கூடாது. இப்படி எல்லாம் அணைந்த நேரத்திலும் ஐஸ்பெட்டி போக இன்னும் 200 வாட் போய்க்கொண்டிருந்தால், மாதத்துக்கு 144 யூனிட் யாருக்கும் பயனில்லாமல் கரைகிறது என்று அர்த்தம். மெயின் பெட்டியில் உள்ள சிறு சுவிட்சுகளை ஒவ்வொன்றாக இறக்கினால் எந்த லைனில் போகிறது என்று பிடிபடும்.

செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கத்து அடுக்குமாடிகளில் மீட்டர் பூட்டிய அறைக்குள் இருக்கும். ஸ்மார்ட் மீட்டர் போட்ட வீடு என்றால் தெனாகா நேஷனல் மின் நிறுவனத்தின் மைடி.என்.பி. செயலியில் ஒவ்வொரு நாளின் பயன்பாடும் தெரியும். அதுவும் இல்லாவிட்டால் பிளக்கில் செருகும் அளவுமானி ஒன்று வாங்கிக்கொள்ளலாம். கோலாலம்பூர் ஜாலான் பாசார் பக்கத்து மின்சாமான் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும். ஐஸ்பெட்டியையோ வெந்நீர்த் தெர்மோவையோ அதில் செருகி முழுதாக 24 மணி நேரம் விடுங்கள். நேரடி ஒயரில் இணைத்த சுடுநீர்ப் பெட்டிக்கும் ஏர்கோனுக்கும் இந்த அளவுமானி உதவாது. அதற்காக ஒயரைப் பிரித்து பிளக் மாட்டவும் கூடாது.

ஏர்கோன்

நம் ஊர் வெயிலில் பில்லின் பெரிய பங்கு இதுதான், ஆகவே இதற்குத்தான் நேரம் செலவழிக்க வேண்டும். 1 எச்.பி. பெட்டி ஒன்று மணிக்கு ஏறக்குறைய 9,000 பி.டி.யு. வெப்பத்தை அறையிலிருந்து வெளியே தள்ளும். பழைய இன்வெர்ட்டர் அல்லாத பெட்டி ஓடும்போது சுமார் 800 வாட் இழுக்கும். இரவு எட்டு மணி நேரத்தில் கம்ப்ரசர் எழுபது விழுக்காடு நேரம் ஓடினால் நாளுக்கு நாலரை யூனிட், மாதத்துக்கு 135 யூனிட். அப்படி இரண்டு அறை இருந்தால் 270. மற்ற எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டால் 600 எவ்வளவு சீக்கிரம் வந்துவிடுகிறது பாருங்கள்.

ரிமோட்டில் 16 வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். இன்வெர்ட்டர் அல்லாத பெட்டிக்கு ஒரே வேகம்தான். 16-க்கும் அதே வேகம், 24-க்கும் அதே வேகம். 16 வைத்தால் எப்போதுமே நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். இன்வெர்ட்டர் பெட்டியின் சிக்கனமே வேகம் குறைத்து ஓடுவதில் இருக்கிறது. 16 வைத்தால் அது முழு வேகத்திலேயே மாட்டிக்கொள்ளும். 25 அல்லது 26 வைத்து மேலே காற்றாடியை மெதுவாக ஓடவிடுங்கள். காற்றாடி உடம்பைத்தான் குளிர்விக்கும், அறையை அல்ல. ஆளில்லாத அறையில் அது சுற்றுவதில் பயனில்லை. பழைய காற்றாடி 60 முதல் 75 வாட், டி.சி. மோட்டார் வைத்தது 30 வாட்டை ஒட்டி. நல்ல காற்றாடியைத் தூக்கிப் போட்டுவிட்டு டி.சி. வாங்குவதற்கு இந்த வித்தியாசம் போதாது என்றே சொல்வோம். பழையது கெட்டுப்போனால் அப்போது வாங்கலாம். ஐந்தில் வைத்தாலும் மெதுவாகச் சுற்றுகிறதா? மோட்டாரைக் குறை சொல்லும் முன் கப்பாசிட்டரை மாற்றிப் பாருங்கள், சில வெள்ளிதான்.

வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுத்துக் குழாய்த் தண்ணீரில் கழுவி நிழலில் காய வையுங்கள். தூசி அடைத்தால் காற்று குறையும். காற்று குறைந்தால் உள்சுருள் அளவுக்கு மீறிக் குளிர்ந்து பனி கட்டும். பனி உருகும்போது சுவரெல்லாம் தண்ணீர் ஒழுகும். சாம்பிராணி போடுகிற வீட்டிலும், சமையலறை வாடை வந்து சேரும் அறையிலும் இது இன்னும் சீக்கிரம் நடக்கும், ஏனென்றால் எண்ணெய்ப் பிசுக்கும் புகையும் சேர்ந்து தூசியைச் சுருளில் ஒட்ட வைத்துவிடும். வடிகட்டியைக் கழுவியும் காற்று வராவிட்டால், உள்ளே உருளை வடிவில் சுற்றும் புளோவரை டார்ச் அடித்துப் பாருங்கள். அதன் இதழ்களில் கருப்பாகப் படிந்திருந்தால் கெமிக்கல் வாஷ் செய்யும் நேரம் வந்துவிட்டது.

இப்போது 'கேஸ் குறைந்துவிட்டது, அடிக்கணும்' என்கிற பேச்சுக்கு வருவோம். ஏர்கோன் கேஸ் காருக்குப் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோவதில்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருகிறது. குறைந்திருந்தால் எங்கேயோ கசிகிறது. கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் அடித்தால் சில மாதத்தில் அதே ஆள் திரும்பவும் வர வேண்டும். பெரும்பாலும் கசிவது குழாய்களை நட்டுப் போட்டு இணைக்கும் இடத்தில்தான். சோப்பு நுரை தடவினாலே குமிழி கிளம்பிக் காட்டிக்கொடுத்துவிடும். கேஸ் உண்மையிலேயே குறைந்தால், வெளிப்பெட்டியில் நுழையும் மெல்லிய குழாயின் இணைப்பில் பனி பூக்கும், உள்சுருளின் ஒரு பகுதி மட்டும் குளிர்ந்து மறுபகுதி சும்மா இருக்கும். இன்வெர்ட்டர் பெட்டியில் கம்ப்ரசர் வேகம் மாறுவதைப் பொறுத்து அழுத்தமும் மாறுவதால், ஏதோ ஒரு நொடியில் கேஜைப் பார்த்துவிட்டுக் 'குறைவு' என்று சொல்வதை நம்ப வேண்டாம். குறிப்பிட்ட எடை கேஸை எடைபோட்டு நிரப்புவதே சரி. எத்தனை கிராம் என்று வெளிப்பெட்டியின் தகட்டிலேயே எழுதியிருக்கும். இப்போது வரும் பெட்டிகளில் இருக்கும் ஆர்32 என்ற கேஸ் மெல்லத் தீப்பற்றக்கூடியது, ஆகவே கேஸ் உள்ளே இருக்கும்போது குழாயில் வெல்டிங் நெருப்பு வைக்க விடாதீர்கள்.

வெளிப்பெட்டி சூடான காற்றை ஊதித் தள்ள வேண்டும். அடுக்குமாடியின் பின்பக்கத் துணி உலர்த்தும் இடத்தில் அதை வைத்து, அதன் முன்னாலேயே சேலையும் போர்வையும் தொங்கவிட்டால், தள்ளிய சூட்டையே திரும்ப உறிஞ்சும். முன்பக்கம் தடையில்லாமல் விடுங்கள். பினாங்கில் தஞ்சோங் தோக்கோங், பத்து ஃபெரிங்கி மாதிரி கடலோர வீடுகளுக்கு வேறொரு தொல்லை உண்டு. உப்புக்காற்று அலுமினியத் தகடுகளை அரித்து மாவாக்கிவிடும். தகடு உதிர்ந்தால் வெப்பம் வெளியேற வழியில்லாமல் அதே குளிருக்கு அதிகக் கரண்டு போகும். சர்வீஸ் செய்யும்போதெல்லாம் வெளிச்சுருளையும் நல்ல தண்ணீரால் கழுவச் சொல்லுங்கள். பலர் உள்பெட்டியைத் துடைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

புதிதாக வாங்கினால் சுருஹான்ஜாயா தெனாகாவின் (எரிசக்தி ஆணையம்) நட்சத்திர முத்திரையைப் பார்ப்பதோடு நிற்காமல், அதே ஒட்டுத்தாளில் உள்ள வருடாந்திர யூனிட் எண்ணையும் பாருங்கள். ஐந்து நட்சத்திரம் வாங்கிய இரண்டு பெட்டிகளுக்கு இடையிலும் அந்த எண் வேறுபடும். ஒரே எச்.பி. கொண்டவற்றைத்தான் ஒப்பிட வேண்டும். 120 முதல் 150 சதுர அடி படுக்கையறைக்கு 1 எச்.பி. போதும். 'பெரிசா இருந்தா சீக்கிரம் குளிரும்' என்று 2 எச்.பி. போட்டால், காற்றின் ஈரம் இறங்குமுன் பெட்டி நின்றுவிடும். அறை சில்லென்றும் பிசுபிசுவென்றும் இருக்கும், அதைப் போக்க நீங்கள் இன்னும் இறக்கி வைப்பீர்கள்.

சூடு எங்கிருந்து வருகிறது

இரவு ஒன்பது மணிக்கு ஏர்கோன் போட்டும் அறை குளிர மறுக்கிறது என்றால், பெட்டியைவிடச் சுவரைத்தான் சந்தேகிக்க வேண்டும். மேற்குப் பார்த்த செங்கல் சுவர் மத்தியானம் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு இரவில் அறைக்குள் கக்கும். வெயிலைக் கண்ணாடிக்கு உள்ளே திரை போட்டுத் தடுப்பதைவிட வெளியிலேயே தடுப்பது பலமடங்கு மேல், ஏனென்றால் கண்ணாடியைத் தாண்டி வந்த சூடு வந்ததுதான். ஜார்ஜ் டவுன் பழைய கடைவீடுகளின் முன்னால் மூங்கில் தட்டி தொங்கவிட்டதும், நடுவில் வானம் பார்த்த முற்றம் விட்டதும் இதே காரணத்துக்காகத்தான். தரை வீட்டில் வெளித்தட்டி சுலபம். கொண்டோவில் வெளியே எதையும் மாட்ட நிர்வாகம் விடாது. அங்கே வெளிர் நிறத் திரை, கண்ணாடிக்குப் படலம், அவ்வளவுதான் முடியும்.

ஏர்கோன் போடுவதற்கு அரைமணி நேரம் முன்பு, பொழுது சாய்ந்ததும், சன்னலைத் திறந்து காற்றாடியை முழு வேகத்தில் விடுங்கள். உள்ளே அடைபட்ட சூடு இனாமாக வெளியேறும். பிறகு சன்னலை அடைத்து, குளியலறைக் கதவையும் சாத்திவிட்டுப் போடுங்கள். அந்த ஈரக் குளியலறையின் ஆவியைக் காயவைப்பதும் பெட்டிக்கு ஒரு வேலைதான். அறைக்குள் துணி உலர்த்தினாலும் அப்படியே. அறைக்கதவின் அடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். விடியற்காலை வெளியே 24 பாகைக்கு வந்துவிடும் என்பதால், ஐந்து மணிக்கு அணையும்படி டைமர் வைத்தால் காற்றாடி மட்டுமே போதும்.

இரண்டு மாடித் தரை வீட்டில் மேல்மாடி வேகிறதென்றால் அது கூரைச் சூடு. ஓட்டுக்குக் கீழே அலுமினியத் தாள் விரிப்பது நல்ல வழி, ஆனால் பளபளப்பான பக்கத்துக்கு முன்னால் காற்று இடைவெளி இருந்தே ஆக வேண்டும். ஓட்டிலோ பலகையிலோ ஒட்டிப் போட்டுவிட்டால் அது சாதாரணத் தகடுதான். சூடு தொட்டுத் தொட்டு இறங்கிவிடும். பளபளப்பு மேல்நோக்கி இருந்தால் சில வருடத்தில் தூசி படிந்து வேலை செய்யாமல் போகும். கீழ்நோக்கி வைப்பது நல்லது. கூரையில் சுழலும் காற்றுப் பம்பரம் வைக்கிறவர்கள், கூரை விளிம்பில் காற்று நுழைய ஓட்டை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நுழைய வழியில்லாத இடத்திலிருந்து எதை அது வெளியேற்றும்?

சுடுநீரும் ஐஸ்பெட்டியும்

சுவரில் மாட்டும் உடனடிச் சுடுநீர்ப் பெட்டி பெரும்பாலும் 3.6 கிலோவாட். நாலு பேர், ஆளுக்கு எட்டு நிமிடம், முழுச் சூட்டில் குளித்தால் மாதம் 58 யூனிட். நம் ஊர்க் குழாய்த் தண்ணீரே 27, 28 பாகையில் வருகிறது. குளிக்க 38 இருந்தால் தாராளம். சூட்டைப் பாதிக்கு இறக்கி ஐந்து நிமிடத்தில் முடித்தால் அதே நாலு பேருக்கு 18 யூனிட். சூடு அதிகமாகிறது என்று தண்ணீரைக் கூட்டுவது தவறான பக்கத்திலிருந்து திருத்துவது. குமிழைத்தான் இறக்க வேண்டும். தண்ணீரில் சூடு விட்டுவிட்டு வந்தால், உள்ளே வரும் குழாயின் சல்லடையும் ஷவர் தலையும் அடைத்திருக்கின்றனவா என்று பாருங்கள். நீரோட்டம் குறைந்தால் பாதுகாப்புக்காகப் பெட்டி தானே நின்றுவிடும். மெயின் பெட்டியில் சுடுநீருக்கென்று 10 மில்லியாம்பியர் கசிவுச் சுவிட்ச் இருக்க வேண்டும். அதன் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் உரிமம் பெற்ற ஒயர்மேனைக் கூப்பிடும் வரை சுடுநீர் வேண்டாம்.

தொட்டி வகையாக இருந்தால் 25 லிட்டரை 60 பாகைக்கு ஏற்ற ஏறத்தாழ ஒரு யூனிட் ஆகும், 2 கிலோவாட் பெட்டிக்கு அரைமணி நேரம். குளிக்க அரைமணி இருக்கும்போது போட்டால் போதும், நாளெல்லாம் எரிய வேண்டியதில்லை. கூரையில் சூரியச் சுடுநீர் வைத்த வீடுகளில் பில் ஏறினால் முதலில் பார்க்க வேண்டியது பூஸ்டர் சுவிட்சை. மழைக்காலத்தில் யாரோ போட்டுவிட்டு மறந்திருப்பார்கள். சூரியன் இருக்கும்போதே கரண்டு தண்ணீரைக் காய்ச்சிக்கொண்டிருக்கும்.

ஐஸ்பெட்டியின் கதவு ரப்பரில் பத்து வெள்ளி நோட்டை வைத்துச் சாத்தி இழுங்கள். நாலு பக்கமும் இப்படிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வரும் இடத்தில்தான் குளிர் ஒழுகுகிறது. ரப்பர் இறுகிப்போயிருந்தால் சோப்பு நீரில் துடைத்து, சுடுநீர்த் துணியால் ஒற்றி மெதுவாக்கி, கையால் வெளியே இழுத்துவிட்டால் பல நேரம் திரும்பப் பொருந்தும். கிழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். உள்ளே 4 பாகை, உறைபெட்டியில் கழித்தல் 18. இதற்குக் கீழே போவது வீண். பனி கால் அங்குலம் கட்டிவிட்டால் அணைத்து உருகவிடுங்கள். கத்தியால் குத்தினால் அடியிலிருக்கும் குழாயில் ஓட்டை விழும், பெட்டியே போச்சு. தீபாவளிக்கு வேண்டும் என்று பின்கட்டில் வைத்த பழைய இரண்டாவது ஐஸ்பெட்டி நாளுக்கு ஒன்றரை யூனிட் குடித்தால் மாதம் 45. வருடத்துக்கு இரண்டு வாரம்தான் அது நிறைகிறது என்றால் மற்ற மாதங்களில் பிளக்கைப் பிடுங்கிக் கதவைத் திறந்து வையுங்கள். மூடி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

இதைவிடப் பேசப்படாத ஒன்று, அடுப்பு மேடையில் எப்போதும் சூடாக நிற்கும் வெந்நீர்த் தெர்மோ. தேத்தண்ணிக்கு நாளுக்கு நாலு தடவை தண்ணீர் எடுப்பதற்காக 24 மணி நேரமும் சூடு காத்தால் நாளுக்கு ஒரு யூனிட் வரை போகும். கெட்டிலில் வேண்டிய அளவு கொதிக்க வைத்துச் சாதாரணப் பிளாஸ்கில் ஊற்றி வையுங்கள். சோற்றுப் பானையை 'வார்ம்' நிலையில் இரவு முழுக்க விடுவதும் இதே கதைதான், சோறும் மஞ்சளாகிவிடும்.

மிக்சிக்கும் மாவரைக்கும் கிரைண்டருக்கும் பயப்படாதீர்கள். 150 வாட் கிரைண்டர் அரைமணி ஓடினால் பத்தில் ஒரு பங்கு யூனிட்கூட இல்லை. கைப்பேசி சார்ஜர், சாமி அறை எல்.இ.டி. விளக்கு எல்லாம் கணக்கிலேயே வராது. டியூப் விளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்றினால் சோக்கோடு சேர்த்து 45 வாட் இழுத்தது 18-க்கு இறங்கும். ஆனால் வாங்கும் டியூப் எந்த ஒயரிங்குக்கு உரியது என்று அதன் தாளைப் படியுங்கள், சிலவற்றுக்குச் சோக்கைக் கழற்றியே ஆக வேண்டும்.

பிளக்கில் செருகினால் பில் பாதியாகும் என்று இணையத்தில் விற்கும் சின்னப் பெட்டியைத் திறந்தால் ஒரு கப்பாசிட்டரும் ஒரு விளக்கும் இருக்கும். அது திருத்துவதாகச் சொல்லும் பவர் ஃபேக்டருக்கு (இழுக்கும் கரண்டில் எவ்வளவு வேலைக்கு உதவுகிறது என்கிற விகிதம்) வீட்டு மீட்டர் காசு வாங்குவதே இல்லை. அதனால் மிச்சமாகும் காசும் சுழிதான்.

கடைசியாக, ஸ்மார்ட் மீட்டர் உள்ளவர்களுக்கு நேரவாரிக் கட்டணம் என்று ஒரு தேர்வு இருக்கிறது. வேலை நாள்களில் மதியம் 2 முதல் இரவு 10 வரை மின்சாரம் 28.52 சென், மற்ற நேரமும் வார இறுதியும் பொது விடுமுறையும் 24.43 சென். மாத யூனிட்டில் அறுபது விழுக்காட்டுக்கும் கீழேதான் அந்த மாலை நேரத்தில் போகிறது என்றால் சாதாரணக் கட்டணத்தைவிட இது மலிவு. மாதம் 400 யூனிட்டில் முப்பது விழுக்காடு மட்டும் அந்த நேரத்தில் போகிற வீட்டுக்கு ஐந்தரை வெள்ளி குறையும். படுக்கையறை ஏர்கோனைப் பத்து மணிக்குப் பிறகு போடுகிற வீடு, துணி துவைப்பதைக் காலைக்குத் தள்ளக்கூடிய வீடு இதற்கு மனுப் போடலாம். பகலெல்லாம் வீட்டில் ஆளிருந்து மத்தியானமே ஏர்கோன் ஓடுகிற வீடு, செயலியில் ஒரு மாதப் பயன்பாட்டைப் பார்த்த பிறகு முடிவு செய்யட்டும்.